நாலு குழாயும் ஒரு பிரேக் இன்ஸ்பெக்டரும்

நான் இப்போது குடியிருக்கும் மெல்பர்ன் புறநகர்த் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மனிதர்கள் முழுசாகத் தென்படுவதில்லை. கால்கள்தான் தென்படும். வீட்டுக்கு வீடு ஒரு கார் நிற்கிறது, காருக்கு அடியிலிருந்து ஒரு ஜோடி கால் நீட்டிக்கொண்டிருக்கிறது. வந்த புதிதில் நடக்கப் போனவன் மூன்றாவது வீட்டு வாசலில் பதறி நின்று, "ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா?" என்று அந்தக் கால்களிடம் கேட்டேன். "நோ வொரிஸ்" என்றன கால்கள். பிறகு விசாரித்ததில் அவை ஒரு பல் மருத்துவருடையவை என்று தெரிந்தது. நம் ஊரில் காருக்கு அடியில் ஒருவர் கிடந்தால் அவர் மெக்கானிக்காக இருப்பார், இல்லாவிட்டால் அது விபத்தாக இருக்கும். காரின் சொந்தக்காரர் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இன்னும் எம்புட்டு நேரம்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். இந்த நாட்டில் சொந்தக்காரரே அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறார். யாரிடமும் எதுவும் கேட்க வழியில்லாத ஏற்பாடு. தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வீட்டுக்கு வந்தால் எங்கள் வாசலிலும் ஒரு ஜோடி கால். அவை என் மகன் முரளியுடையவை.

ஊரில் என்னை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று விளங்கும். நான் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவன். அரசு வைத்த அந்தப் பெயரை மக்கள் ஒருபோதும் பயன்படுத்தியதில்லை. அவர்களுக்கு நான் 'பிரேக் இன்ஸ்பெக்டர்'. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் ஓடிய லாரி, பஸ், வாடகைக் கார் எல்லாவற்றின் வயிற்றையும் நான் குனிந்து பார்த்திருக்கிறேன். தொழிற்சாலை எப்படிச் செய்து அனுப்பியதோ அப்படியே வண்டி இருக்க வேண்டும், மாற்ற வேண்டுமானால் முன் அனுமதி வாங்க வேண்டும் என்பது சட்டம். அதை வீட்டிலும் அமல்படுத்தினேன். முரளியின் சைக்கிளுக்குக் கூட ஒரு மணிதான். இரண்டாவது மணி கேட்டான், எதற்கு என்று காரணம் கேட்டேன், சொல்லத் தெரியவில்லை, கிடைக்கவில்லை. ஓய்வுபெற்று, மனைவியும் போன பிறகு, மகன் வந்து என்னை அழைத்துக்கொண்டான். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு பூட்டிக் கிடக்கிறது. ரேஷன் கார்டில் இன்னும் என் பெயர் இருக்கிறது. ஆள் மட்டும் இங்கே, என் மகன் ஒரு பழைய ஜப்பான் காரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு தொழிற்சாலையின் முடிவுகளை ஒவ்வொன்றாக ரத்து செய்வதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு வருடமாக அந்த வண்டி துண்டு துண்டாகக் கிடந்தது. மருமகள் விஜயா ராஜபாளையத்துப் பெண். அவளுக்கு அப்போது ஆறாம் மாதம். ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் அவள் தீர்ப்புச் சொன்னாள்.

"ஏங்க, இந்த வண்டி ஒரே ஒரு தடவ டெஸ்டுக்குப் போகட்டும். தேறிருச்சுன்னா வச்சுக்கோங்க, நான் ஒண்ணும் சொல்லல. தேறலைன்னா வித்துட்டு ஒழுங்கா கதவு வச்ச வண்டியா ஒண்ணு வாங்குங்க."

"இதுலயும் கதவு இருக்குல்ல."

"ரெண்டு இருக்கு. பிள்ளையும் தொட்டிலும் நானும் ஏறி எறங்க நாலு வேணும்."

முரளி என்னைப் பார்த்தான். நான் ரசத்தைப் பார்த்தேன். அவன் வாழ்க்கையில் தானாக ஆசைப்பட்டுச் செய்த ஒரே அத்துமீறல் அந்த வண்டி என்பது எனக்குத் தெரியும். படிப்பு நான் சொன்னது, வேலை நாடு சொன்னது, பெண் தரகர் சொன்னது. வண்டி மட்டும்தான் அவனுடையது. ஒரே ஒரு சோதனையில் அது நிற்க வேண்டும், அல்லது போய்விடும்.

மிச்சமிருந்த பெரிய வேலை எக்ஸ்ட்ராக்டர். உலகத்தில் மற்றவர்கள் ஹெட்டர் என்று சொல்வதை ஆஸ்திரேலியர்கள் இப்படிச் சொல்கிறார்கள். பெயர் எதுவானாலும் சங்கதி எளிது. எஞ்சினின் நாலு சிலிண்டரும் மாறி மாறிப் புகையைத் தள்ளுகின்றன. தொழிற்சாலை அங்கே ஒரு கட்டை இரும்பு வார்ப்பை வைத்திருக்கும். நாலு பேருந்தும் ஒரே நேரத்தில் பேருந்து நிலையத்தின் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நிற்பதுபோல, புகை அதற்குள் நெருக்கியடிக்கும். எக்ஸ்ட்ராக்டர் என்பது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக, ஒரே நீளத்தில் வளைத்த குழாய். முன்னால் போகும் புகை பின்னால் வருவதைக் கைபிடித்து இழுத்துக்கொண்டு போகும். இதில் இரண்டு கட்சி உண்டு. நாலு குழாயும் ஒரே இடத்தில் சேர்ந்தால், எஞ்சின் அலறும் வேகத்தில்தான் பலன் தெரியும். பந்தயத் திடலுக்கு ஆகும். இரண்டிரண்டாகச் சேர்ந்து பிறகு ஒன்றானால், சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் தெருவில் இழுவை கிடைக்கும். முரளிக்கு முதல் கட்சிமேல் காதல். அகலமான குழாய் வேண்டும் என்றும் சொன்னான்.

"பெரிசா இருந்தா நல்லாப் போகும்லப்பா?"

"வெங்கடபதியும் இதத்தான் சொன்னாரு" என்றேன்.

விஜயா சட்டென்று நிமிர்ந்தாள். "யாரு, பேண்டேஜ் துணிக்காரரா? அந்த பியட்டு வந்தா எங்க தெருவுல ஜன்னலெல்லாம் ஆடுமே மாமா!"

எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்தில் அந்த வண்டியைத் தெரியாதவர்கள் கிடையாது. வெங்கடபதிக்கு முப்பது வயதுதான் இருக்கும். ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் ஒன்று அவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையில் இருந்தது, வீடு ராஜபாளையத்தில். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், வண்டியைப் பற்றிப் பேசும்போது மட்டும் இங்கிலீஷ். அப்பா விட்டுப்போன வெள்ளை பியட்டை, 'நாயனா வண்டி' என்பார். எங்கோ கிடைத்த வெளிநாட்டுப் பத்திரிகையில் நாலு குழாய்ப் படத்தைப் பார்த்துவிட்டு, ஒரு பாய்லர் வெல்டரிடம் கொண்டு போனார். வெல்டர் படத்தைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் பார்த்து, "இது என்ன, மாட்டு மடி கணக்கா இருக்கு" என்றாராம். அளவு ஏதும் படத்தில் இல்லை. கையில் இருந்தது பாய்லர் குழாய். அது பியட்டின் சிலிண்டருக்கு கொலுசுக் காலில் யானைச் சங்கிலி மாட்டியதுபோல் இருந்தது. ஒல்லிக் குழாயில் புகை ஓடும். பெரிய குழாயில் உலாவும். வண்டியின் சத்தம் மூன்று மடங்கானது, இழுவை பாதியானது. பாலத்து ஏற்றத்தில் ஒரு டவுன் பஸ் அவரை முந்திப் போனதை நானே பார்த்தேன். கண்டக்டர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, "அண்ணாச்சி, சத்தத்த எறக்கி வச்சிட்டு வாங்க, வண்டி ஏறிரும்!" என்று கத்தினான்.

இந்தக் கதையை நான் சொன்ன பிறகும் முரளி அரைமனதோடுதான் கடைக்கு வந்தான். எக்ஸ்ட்ராக்டர் கடையில் குழாய்கள் கசாப்புக் கடையில் ஆட்டுத்தொடை தொங்குவதுபோல் வரிசையாகத் தொங்கின. கடைக்காரர் கெவின், கைகளில் பச்சை குத்தியவர், எடுத்ததும் இருப்பதிலேயே தடியான ஒன்றைக் கொக்கியிலிருந்து கழற்றி முரளியின் கையில் வைத்தார். குழந்தையை வாங்குவதுபோல் முரளி வாங்கினான். பிறகு பேச்சுக்காக என் பக்கம் திரும்பி, எனக்கும் கார்களில் ஈடுபாடு உண்டா என்று கெவின் கேட்டார். அரசாங்க உத்தியோகம், வண்டிச் சோதனை, முப்பது வருஷம் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். கெவினின் முகம் மாறியது. எந்த அரசாங்கம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தடிக் குழாய் முரளியிடமிருந்து மெதுவாகத் திரும்ப வாங்கப்பட்டு, கொக்கிக்குப் போனது. அது பந்தயத் திடலுக்கு மட்டும் என்று இப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. உள்ளே போய், இரண்டிரண்டாகச் சேரும் ஒல்லியான ஒன்றைக் கொண்டுவந்தார். எஞ்சினோடு பொருந்தும் தகட்டை நான் விரல் நகத்தால் தட்டிப் பார்த்தேன். மெல்லிய தகடு சூட்டில் வளைந்துகொள்ளும், பிறகு பொருத்தில் புகை கசியும். ஒரு வார்த்தையும் நான் பேசுவதற்குள் கெவின் கனத்த தகடு உள்ளதை எடுத்து வைத்துவிட்டார். கூடவே "சர்" என்றார். ஆஸ்திரேலியாவில் என்னை ஒருவர் சர் என்றது அதுதான் முதல் தடவை. வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன், இனித்தது.

வெளியே வந்ததும் முரளி பொரிந்தான். "அப்பா, அந்தாளு உங்கள இந்த ஊரு ஆபீசர்னு நெனச்சிட்டாரு."

"நெனைக்கட்டும்."

"இது பொய் இல்லையா?"

"நான் எங்கலே பொய் சொன்னேன்? கேக்காத கேள்விக்குப் பதில் சொல்றது நடைமுறையில இல்ல."

ஆனாலும் குழாயை மாட்டி முதல் தடவை எஞ்சினை உயிர்ப்பித்தபோது அவன் கோபம் போய்விட்டது. அடித்தொண்டையில் ஒரு உறுமல், அவ்வளவுதான், அலறல் இல்லை. தெருவில் இரண்டு ஜோடிக் கால்கள் தங்கள் கார்களுக்கு அடியிலிருந்து ஆட்களாக மாறி எழுந்து வந்து தலையாட்டிவிட்டுப் போயின. அடுத்த நாள் முரளி வெள்ளை நாடாச் சுருள் ஒன்றோடு குழாய்களுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சுற்ற ஆரம்பித்தான். சூடு எஞ்சின் அறைக்குள் பரவாமல் தடுக்கும் கண்ணாடியிழை நாடா. விஜயா கதவில் சாய்ந்து பார்த்தாள்.

"என்னங்க இது, விழுந்து அடிபட்டது மாதிரி?"

நான் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. வெங்கடபதியின் கதையில் நான் சொல்லாமல் விட்ட பாதி அதுதான். பாய்லர் குழாயின் சூடு பியட்டின் தரைத்தகடு வழியாக ஏறி அவர் பாதத்தைப் பழுக்க வைத்தது. குழாயை எதையாவது கொண்டு சுற்ற வேண்டும். ஊரில் எது அளவில்லாமல் கிடைக்கிறதோ அதைத்தானே மனிதன் எடுப்பான்? சுண்ணாம்புக் கரைசலில் முக்கிய பேண்டேஜ் துணியை நாலு குழாய்க்கும் நேர்த்தியாகச் சுற்றிவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வாகனச் சோதனை போட்டிருந்த அன்று அந்த வண்டி வந்தது. முதலில் சத்தம் வந்தது. பிறகு புகை. கடைசியாக வண்டி. பானட்டைத் திறந்தால் தீய்ந்த துணி நாற்றம், உள்ளே கட்டுப் போட்ட நாலு குழாய் புகைந்துகொண்டிருக்கிறது. பக்கத்து டீக்கடைக்காரர் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்ற, எஞ்சின் அறையிலிருந்து எழுந்த ஆவியில் கொஞ்ச நேரம் யாரும் யாருக்கும் தெரியவில்லை.

"என்ன வெங்கடபதி இது?"

"அடிபட்ட எடத்துல கட்டுப் போட்டிருக்கேன் சார்" என்றார் ஆவிக்குள்ளிருந்து.

அனுமதியில்லாத மாற்றம். ஏழு நாளில் பழைய வார்ப்பை மாட்டிக் காட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டேன். நான் எதிர்பார்த்தது அவர் சிபாரிசு பிடிப்பார் என்று. வந்தது வேறு. இரண்டு நாள் கழித்து அவருடைய தறிக்கூடத்துப் பெண்கள் மூன்று பேர் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். சோழபுரத்துக்காரி மாரியம்மாள்தான் பேசினாள்.

"ஐயா, அந்தச் சத்தத்த மட்டும் புடுங்கிராதீங்க."

"ஏம்மா, உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"அவிய வாறது எங்களுக்கு மம்சாபுரம் வெலக்குலயே கேட்டிரும். செத்த நேரம் கண்ணசந்தவளும் எந்திரிச்சிருவா, பேசிக்கிட்டு நின்னவளும் தறிக்குப் போயிருவா. இனிமே பூன மாதிரி வந்து நின்னா எங்க பொழப்பு என்னத்துக்கு ஆகும்?"

கூட வந்தவள் அவள் விலாவில் குத்தினாள். "ஏட்டி, எல்லாத்தையும் ஐயாகிட்ட சொல்லணுமாக்கும்?"

தொழிலாளர் தூக்கத்துக்குச் சட்டத்தில் விதிவிலக்கு இல்லை என்று சொல்லி அனுப்பினேன். ஏழாம் நாள் வெங்கடபதி பழைய வார்ப்போடு வந்தார், பியட் கிழவனைப்போல் முனகிக்கொண்டு. ஆனால் ஒன்று கவனித்தேன். அதற்குப் பிறகு அவர் தினமும், மம்சாபுரத்துக்குப் பாதை பிரியும் அந்த விலக்கில் காரணமில்லாமல் நீளமாக ஹாரன் அடிக்கத் தொடங்கினார். ஏன் என்று ஒருநாள் நிறுத்திக் கேட்டேன். "திடீர்னு போய் நின்னா நாலு பேரு தூங்குறதப் பாக்கணும் சார். பாத்தா திட்டணும். திட்டினா கெளம்பிப் போயிருவாங்க. பொறவு யாரு நெய்யிறது?" என்றார். அநாவசியமாக ஹாரன் அடிப்பதற்கும் ஒரு விதி உண்டு. அதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

"சுத்துற துணி தடிமன் கூட்டும், பாத்துச் சுத்து" என்று மட்டும், நாடா சுற்றிக்கொண்டிருந்த முரளியிடம் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்ட மாதிரி தலையாட்டினான்.

சோதனை நாள் வந்தது. இந்த நாட்டில் அரசாங்கம் வண்டியைப் பார்ப்பதில்லை. உரிமம் வாங்கிய தனியார் பட்டறையில் பார்க்கிறார்கள். கேட்டதுமே என் சந்தேகத்தைப் பதிவு செய்துகொண்டேன். பட்டறையில் சோதித்தவள் ஒரு இளம்பெண், பெயர் ஜோவன், காதுக்குப் பின்னால் பேனா. ஐந்து நிமிடத்தில் என் சந்தேகத்தை வாபஸ் வாங்கினேன். விளக்கு, ஸ்டியரிங், டயர் என்று வரிசை மாறாமல் வந்தாள். சத்தம் அளக்கும் கருவியைப் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் வைத்தாள்; தேறியது. பிரேக்கை அழுத்தச் சொல்லிப் பார்த்தாள், தேறியது. பானட்டுக்குள் டார்ச் அடித்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஆக்சிலேட்டரைத் தட்டினாள். எஞ்சின் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. அந்தச் சாய்வில், வெள்ளைக் கட்டுப் போட்ட இரண்டாவது குழாய் பக்கத்தில் போகும் பிரேக் எண்ணெய்க் குழாயைத் தொட்டுவிட்டு விலகியது. கட்டு இல்லாவிட்டால் ஒரு விரல் இடைவெளி இருந்திருக்கும். அவளுடைய டார்ச் அந்த இடத்தைத் தாண்டி நகர்ந்துவிட்டது. பேனா காதிலிருந்து கைக்கு வந்தது.

"மேடம், பிரேக் பைப்" என்றது ஒரு குரல்.

குரல் என்னுடையது. நான் எப்போது நடந்துபோய் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை. என் விரல் சரியாக அந்த இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. ஜோவன் குனிந்து பார்த்து, மறுபடி ஆக்சிலேட்டரைத் தட்டி, மறுபடி பார்த்து, நிஜமான மரியாதையோடு எனக்கு நன்றி சொன்னாள். வண்டி தேறவில்லை.

திரும்பி வரும் வழியில் நாலாவது சிக்னலில் நின்றபோது முரளி பேசினான்.

"கேக்காத கேள்விக்குப் பதில் சொல்றது நடைமுறையில இல்லன்னீங்க."

"அது கடை. இது டெஸ்ட்டு."

"நீங்க யாரு பக்கம்ப்பா?"

பச்சை விழுந்தது. எனக்கு அது வசதியாகப் போயிற்று.

விஜயா வாசலிலேயே நின்றாள். முரளியின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, என்னிடம்தான் முதலில் பேசினாள்.

"மாமா, நீங்க சொல்லாம இருந்திருந்தா?"

"பாஸ் ஆயிருக்கும்."

"ஆன பொறவு?"

"நாளானா பைப்பு தேய்ஞ்சு எண்ணெய் ஒழுகும். ஒரு எறக்கத்துல பிரேக்க மிதிச்சா மிதி தரை வரைக்கும் போகும்."

அதற்குள் வீட்டுக்குள் போன முரளி சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வண்டியை விற்க விளம்பரம் கொடுக்கிற பத்திரிகையைத் தேடி எடுத்திருந்தான். எந்த வாதமும் செய்யாமல் அவன் தேடியது என்னை என்னவோ செய்தது.

"அத வைங்க" என்றாள் விஜயா. "அந்தப் பொண்ணு தேறலன்னு சொல்லல. நம்ம வீட்டு ஆளுதான் சொன்னாரு. வெளியாளு பாக்குறதுதான் டெஸ்டு. அது இன்னும் நடக்கல. சரி பண்ணிக்கிட்டுப் போங்க."

முரளி பத்திரிகையை அப்படியே கீழே விட்டான். "போறேன். ஆனா அப்பா வர வேண்டாம்."

"மாமா வராட்டி வண்டி வாசலத் தாண்டாது."

ராஜபாளையத்துப் பெண்கள் சொல்லும் தீர்ப்பின்மேல் மேல்முறையீடு கிடையாது. அந்த வாரம் முழுவதும் வாசலில் இரண்டு ஜோடிக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு ஜோடி அறுபது வயதைத் தாண்டியது. அவன் கட்டைப் பிரித்தான், நான் விளக்குப் பிடித்தேன். பிரேக் குழாயை வேறு வழியாகத் திருப்பிக் கொண்டுபோனோம். நான் சொன்ன குறையையெல்லாம் அவன் உடனுக்குடன் சரிசெய்தான். ஒரு தடவை அவனே, "இது போதுமாப்பா?" என்று கேட்டான். என் முப்பது வருட உத்தியோகத்தில் சோதனைக்கு முன்னால் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

இரண்டாம் முறை போனபோதுதான் பட்டறைத் தரையில் ஒரு மஞ்சள் கோடு இருப்பதைக் கவனித்தேன். வண்டி கொண்டுவந்தவர்கள் அதைத் தாண்டக் கூடாதாம். முரளி என்னைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, போதாததற்கு என் சட்டையின் பின்பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டான். ஜோவன் வரிசை மாறாமல் பார்த்து வந்தாள். பானட்டைத் திறந்தாள், ஆக்சிலேட்டரைத் தட்டினாள், எஞ்சின் சாய்ந்து நிமிர்ந்தது, எதுவும் எதையும் தொடவில்லை. சான்றிதழில் கையெழுத்துப் போட்டு அதை முரளியிடம் நீட்டினாள். என் சட்டையை விடாமல் இன்னொரு கையால் அவன் அதை வாங்கிக்கொண்டான். பிறகு அவள் என்னைப் பார்த்து, டார்ச்சைத் திருப்பிப் பிடித்து, வந்து நீங்களும் ஒருமுறை பார்க்கிறீர்களா என்று கேட்டாள். கால் தானாகக் கிளம்பிவிட்டது. பின்னால் சட்டை இறுகியது. "அப்பா," என்றான் முரளி, சிரிப்பும் பயமுமாக, "வண்டி தேறிருச்சு. வாங்க, போவோம்." முன்னால் நீட்டிய டார்ச் அப்படியே இருந்தது, பின்னால் பிடித்த பிடியும் அப்படியே இருந்தது. குனிந்து பார்த்தேன். ஒரு செருப்பு கோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு செருப்பு இந்தப் பக்கம்.